வானொலியில் விடுபட்ட பெயர்

ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் நடந்து பாருங்கள், பக்கத்துக்குப் பக்கம் வாசலில் நான் செய்த இரும்புக் கேற் நிற்கும். கொட்டாஞ்சேனையில் தகரக் கொட்டில் ஒன்றில் தொடங்கிய என் வெல்டிங் பட்டறையை ஒரு கலவரத்தில் கொளுத்தினார்கள். சாம்பலைக் கூட்டி ஒதுக்கிவிட்டு அதே இடத்தில் திரும்பவும் எழுப்பினேன். பேலியகொடை மீன் சந்தையில் ஐஸையும் உப்புத் தண்ணீரையும் தாங்குகிற மேசைகள் செய்தேன். கோயில் தேர் நிற்கிற கொட்டகைக்கு, ஒரு கையால் தள்ளினால் திறக்கிற கதவு போட்டேன். சொந்தக்காரர் கூடி நின்று சிரித்த ஒரு துண்டு நிலத்தில் நான்கு மாடி கட்டி, அதன் மேல் மாடியில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

ஒரு பெண் பிள்ளையையும் வளர்த்து ஆளாக்கினேன்.

போன கிழமை இந்தத் தொடரில் தேர்க் கொட்டகைக் கதவைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு ஒருவர் போன் எடுத்தார். எல்லாம் நீங்கள்தான் செய்ததோ ஐயா என்று ஒரு மாதிரிக் கேட்டார். ஓம், நான்தான் செய்தேன். வேறு யாராவது செய்திருந்தால் அவரைப் பத்திரிகைக்கு எழுதச் சொல்லுங்கள், நான் வாசிக்கிறேன்.

இரும்பைப் பற்றி இத்தனை கிழமை எழுதிய நான் அந்தப் பிள்ளையைப் பற்றி இதுவரை எழுதவில்லை. பத்திரிகை ஆசிரியர் கேட்டும் தள்ளிப் போட்டேன். இந்தக் கிழமை எழுதுகிறேன். எழுத்துப் பிழையை அவர் திருத்தட்டும், விஷயத்தில் கை வைக்க வேண்டாம்.

கீழ் வீட்டு ரேடியோ

என் மனைவி மனோன்மணி காலமான மறுநாள் காலை. உடலைப் பதப்படுத்த மலர்ச்சாலையில் விட்டிருந்தோம். வீட்டில் ஹால் முழுக்கச் சொந்தக்காரர். வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் கதிரைகள் போதாமல் சிலர் படிக்கட்டில் இருந்தார்கள். கடற்கரை ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கிறில் அதிரவில்லை. அது நான் போட்டது.

எங்கள் ஆட்களில் ஒருவர் கண்ணை மூடினால், வீட்டார் அழுது முடிக்கும் முன்பே மரண அறிவித்தல் எழுத ஒருவர் பேனாவோடு உட்கார்ந்துவிடுவார். இன்னாரின் மகள், இன்னாரின் மருமகள், இன்னாரின் அன்பு மனைவி, இன்னாரின் பாசமிகு தாயார், இன்னாரின் சகோதரி. பேப்பரில் வரும். ரேடியோவில் வாசிப்பார்கள். இப்போது இணையத்திலும் போட, ரொறன்ரோவில் இருப்பவர் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்து வாசிப்பார். செத்தவரைப் பார்க்கவா வாசிக்கிறார்கள்? யாருடைய பெயர் இருக்கிறது, யாருடைய பெயர் இல்லை என்று பார்க்கத்தான். அதில் பெயர் இல்லாதவர் அந்தக் குடும்பத்தில் இல்லாதவர், அவ்வளவுதான்.

மனோன்மணியின் மூத்த சகோதரர் சிவபாதம் மச்சான் இந்த வேலையில் பேர் போனவர். அரசாங்கக் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர், முத்து முத்தான எழுத்து. எங்கள் ஊர் ஆட்கள் யார் செத்தாலும் அறிவித்தல் அவர்தான். என் வீட்டுக்கும் அவரே எழுதினார். நான் ஆஸ்பத்திரிக்கும் மலர்ச்சாலைக்கும் ஓடிக்கொண்டிருந்தேன், அவர் ரேடியோவுக்கு என்ன எழுதிக் கொடுத்தார் என்று கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் ரேடியோ நிறுத்தி இருந்தது. கீழ் மாடியில் நஸீர் நானாவின் வீட்டில் போட்டிருந்தார்கள். மரண அறிவித்தலுக்கு முன் போடுகிற அந்தச் சோகப் பாட்டு படி வழியாக ஏறி வந்ததும் ஹாலில் கதை நின்றது. பெண்குரல் ஒன்று நிறுத்தி நிறுத்தி வாசித்தது. தம்பிராசாவின் அன்பு மனைவியும் என்றது, அது நான். சிவபாதத்தின் அன்புச் சகோதரியும் என்றது. பிறகு கிரியை நேரம், மயானம்.

நடுவில் வர வேண்டிய ஒரு வரி வரவில்லை.

எங்கள் மகள் தர்சினி அப்போது தேத்தண்ணித் தட்டோடு ஹாலின் நடுவில் நின்றாள். வாசித்து முடிந்ததும் அடுத்த கதிரைக்கு நகர்ந்தாள். வரிசை முடியும் வரை எல்லாருக்கும் கொடுத்தாள், சீனி போடாதவருக்குப் போடாத கோப்பையைப் பார்த்துக் கொடுத்தாள். ஒரு துளி சிந்தவில்லை. எனக்கு அதுதான் பயம்.

அந்த நேரம் பார்த்து நஸீர் நானா படியேறி வந்தார். நல்ல மனிதர், உள்ளே ஒன்று வெளியே ஒன்று தெரியாதவர். வாசலில் நின்றே கேட்டார்.

"தம்பிராசா அண்ணன், ரேடியோல மகள்ட பேரு வரல்லயே. வாசிக்கிறவங்க விட்டுட்டாங்களா?"

 சிவபாதம் மச்சான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சால்வையால் துடைத்தார்.

பச்சைக் கேற்

இதை இந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விளங்காது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. போகாத கோயில் இல்லை, காட்டாத டொக்டர் இல்லை. யுத்த காலத்தில் ஒரு நாள் ஹெந்தளைப் பக்கம் ஒரு சிறுவர் இல்லத்துக்குக் கேற் மாற்றப் போனேன். பழைய கேற் கடல் காற்றில் உக்கிப்போய் ஒரு பக்கம் தொங்கியது. கடலைப் பார்க்கலாம் என்று மனோன்மணியும் கூட வந்தா.

கேற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு குந்தி இருந்தாள். வன்னியில் இருந்து வருத்தத்துக்கு மருந்து செய்யவென்று யாரோ தூரத்துச் சொந்தக்காரி கொழும்புக்குக் கூட்டி வந்திருக்கிறா. பிள்ளைக்குச் சுகமாகும்போது சண்டையால் வன்னிக்குப் போகிற பாதை மூடிவிட்டது. அந்தச் சொந்தக்காரி வெளிநாடு போகும்போது பிள்ளையை இங்கே விட்டுவிட்டுப் போய்விட்டா. அம்மா இந்தக் கேற்றால்தான் வருவா, இதிலேயே இரு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறா. பிள்ளை சொன்னபடியே இருந்தது.

நான் பழைய கேற்றைக் கழற்றத் தொடங்கினதும் எழும்பி வந்து என் சுத்தியலைப் பிடித்துக்கொண்டாள்.

"இதைக் கழட்டினா அம்மாவுக்கு எப்பிடி இடம் தெரியும்?"

நான் எத்தனை பேரோடு சண்டை பிடித்தவன். சுத்தியலை அவள் கையிலேயே விட்டேன். புதுக் கேற்றுக்குக் கறுப்புப் பூச்சு என்றுதான் இல்லத்து அம்மா சொல்லியிருந்தா. நான் ஆளை அனுப்பிப் பச்சைப் பூச்சு எடுப்பித்து, பழைய கேற் இருந்த அதே பச்சையை அடித்தேன். காயும் வரை அந்தப் பிள்ளை என் பக்கத்தில் நின்று, சரிதானா என்று பார்த்தது.

திரும்பி வந்த பஸ் ஆற்றுப் பாலம் தாண்டியபோது, நாளைக்கும் அங்கே வேலை இருக்கோ என்று மனோன்மணி கேட்டா. வேலை முடிந்துவிட்டது. ஓம், இருக்கு என்று சொன்னேன்.

முதலில் பிள்ளையைப் பொறுப்பில் மட்டும் தந்தார்கள். தாய் வந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நன்னடத்தை அதிகாரி ஒரு சிங்கள அம்மா, மாதத்துக்கு ஒரு தரம் வந்து கட்டிலைப் பார்ப்பா, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பா, கைவேலைக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி என்னைப் பாஸ் பாஸ் என்று கூப்பிட்டு, கோபம் வந்தால் என்ன செய்வாய் என்று சிங்களத்தில் கேட்பா. இரும்பை அடிப்பேன் என்று சொன்னேன். சிரித்து எழுதிக்கொண்டு போனா. தாயைத் தேடித் தேடி ஒரு தகவலும் கிடைக்காமல், சில வருஷத்துக்குப் பிறகுதான் நீதிமன்றம் எங்களுக்கே பிள்ளை என்று தீர்ப்புச் சொன்னது.

இதற்கிடையில் சிவபாதம் மச்சான் வந்து, வெற்றிலைத் தட்டை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார், என்ன ஆக்கள் எண்டு விசாரிச்சனியளோ மச்சான் என்று. எங்கள் ஊரில் சாதி கேட்பது இப்படித்தான் என்று வாசிக்கிற உங்களுக்குத் தெரியும்.

"விசாரிச்சனான்," என்றேன். "பசியான ஆக்களாம்."

அங்கிள்

பிள்ளை வளர்ப்பது கேற் செய்வது போல இல்லை. கேற்றை நிறுத்தி விட்டால் நிற்கும்.

தர்சினி வந்த நாளில் அந்தத் துணிப் பையை வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதை எடுத்து அலுமாரிக்குள் வைத்தால் அழ மாட்டாள், திரும்ப எடுத்துக்கொண்டு போய் அதே இடத்தில் வைப்பாள். உள்ளே இரண்டு சட்டை, ஒரு சீப்பு, சில நாள் தின்னாமல் ஒளித்த பாண் துண்டும் இருக்கும். படுக்கும்போது செருப்பைக் கழற்ற மாட்டாள். தண்ணீர் குடிக்கவும் கேட்டுவிட்டுத்தான் குடிப்பாள். அடித்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி ஒரு பார்வை. நாங்கள் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. யாரோ முன்பு ஓங்கியிருக்க வேண்டும்.

என்னை அங்கிள் என்பாள், மனோன்மணியை அன்ரி என்பாள். மனோன்மணி அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டா, ஆனால் கூப்பிட்டதும் உடனே திரும்பவும் மாட்டா.

சொந்தக்காரர் எல்லாரும் யோசனை சொன்னார்கள். பையை எறி என்றார்கள். செருப்பை ஒளித்து வை என்றார்கள். நான் பட்டறைக்குப் போய் ஒரு பெட்டி செய்தேன். நல்ல கனத் தகடு, மூலைகளை எல்லாம் மழுக்கி, உள்ளே துணி ஒட்டி, உறுதியான பூட்டு ஒன்றும் போட்டேன். மூடியின் மேல் கம்பியை வளைத்து அவள் பெயரை எழுத்து எழுத்தாக ஒட்டினேன். பூட்டின் திறப்பு ஒன்றே ஒன்று, அதை அவள் கழுத்தில் மாட்டினேன். இந்த வீட்டில் இதை வேறு ஒருத்தராலும் திறக்க ஏலாது, என்னாலும் ஏலாது என்று சொன்னேன்.

பெயருக்கு முன்னால் முதலெழுத்துக்கு ஓர் இடம் விட்டிருந்தேன். தகப்பன் பெயரின் எழுத்து அது. அவளுடைய தகப்பன் பெயர் ஒருவருக்கும் தெரியாது. என் எழுத்தைப் போட அப்போது எனக்கு உரிமையில்லை.

பை ஒரே நாளில் காலியாகவில்லை. முதலில் சீப்பு பெட்டிக்குள் போனது. பிறகு ஒரு சட்டை. மழைக்காலம் ஒன்று வந்து போன பிறகு ஒரு காலை வாசலில் பை இல்லை, செருப்பும் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. மனோன்மணி அந்த இடத்தைக் கூட்டாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தா.

தீர்ப்பு வந்த நாளில் வெல்டிங் கம்பியோடு வீட்டுக்கு வந்து கேட்டேன், இப்ப என்ர எழுத்தைப் போடட்டோ என்று. பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"வேண்டாம். அது இருக்கட்டும்."

சரி என்று கம்பியைத் திருப்பிக் கொண்டு போனேன். அந்த இடம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. பெட்டியும் இருக்கிறது, ஒரு பொட்டுத் துரு இல்லை.

அப்பா என்று எப்போது கூப்பிட்டாள் என்று கேட்பீர்கள். வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில். பள்ளிக்கூடம் விட்டு மோட்டார் சைக்கிளில் ஏற்றி வருகிறேன். பொலிஸ்காரன் மறித்து என் அடையாள அட்டையைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், இது யார் என்று என்னைக் கேட்காமல் அவளைக் கேட்டான். என் சட்டையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, அப்பா என்றாள். சத்தமாக. அவன் கையைக் காட்டி விட்டான். ஒழுங்கைக்குள் திரும்பினதும், அங்கிள் பசிக்குது என்றாள்.

பிறகு கன காலம் அங்கிள்தான். ஆனால் ஒவ்வொரு சாவடியிலும் அப்பா. யுத்தத்தில் நல்லது ஒன்றும் நடக்கவில்லை என்று எல்லாரும் எழுதுகிறார்கள். சாவடியைக் கண்டால், மறிக்கட்டும் என்று மெதுவாகப் போன ஒரே தமிழன் நான்தான்.

பெற்றவள் வந்த நாள்

பாதை திறந்த காலத்தில் அவளைப் பெற்ற தாய் உயிரோடு இருக்கிறா என்று தெரிய வந்தது. பெயர் பவளம். வவுனியாப் பக்கம் ஒரு துண்டுக் காணியில் மிளகாய் நட்டுச் சீவிப்பவ. ஹெந்தளை இல்லத்துக்குப் போய்க் கேட்டு, அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தா. அந்த இல்லத்தைப் பச்சைக் கேற் என்று யாரோ சொன்ன ஞாபகத்தில் தேடிக் கண்டுபிடித்தேன் என்று சொன்னா. அதைக் கேட்டு நான் எழும்பி ஜன்னலுக்குப் போய்விட்டேன்.

தர்சினிக்கு அப்போது சாமத்தியப்பட்டுப் பெரியபிள்ளையான வயது. வந்தவவைப் பார்த்தாள். நாங்கள் ஒருவரும் சொல்லிக் கொடுக்காமலே, அம்மா என்றாள். மனோன்மணியை அவள் அம்மா என்று கூப்பிடத் தொடங்கிக் கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது.

மனோன்மணி குசினிக்குள் போனா. குழாயைத் திறந்து விட்ட சத்தம் கேட்டது. நிறைய நேரம் தண்ணீர் ஓடியது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு தோசைக் கல்லை வைத்தா. பவளத்துக்கு முதல் தோசையைப் போட்டு, சாப்பிடுங்கோ அக்கா, பயணக் களை என்றா.

பிள்ளையைத் தா என்று கேட்கத்தான் வந்தேன், கேட்க வாய் வரவில்லை என்று பவளம் பிறகு ஒரு நாள் என்னிடம் சொன்னா. தர்சினி இங்கேயே படித்தாள். விடுமுறைக்கு வவுனியா போய் வந்தாள். போகும்போது சந்தோஷமாகப் போவாள், திரும்பி வந்து சில நாள் ஒருவரோடும் கதைக்க மாட்டாள். அங்கே இருந்தால் இங்கே உள்ளவர் பாவம், இங்கே இருந்தால் அங்கே உள்ளவர் பாவம் என்று அந்தப் பிள்ளை இரண்டு பக்கமும் பாரம் சுமந்தது. தத்தெடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் ஒருக்கால் என் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

இப்போது அவள் பம்பலப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் பெரிய உத்தியோகம். கலியாணம் வேண்டாம் என்று இருக்கிறாள். அதைப் பற்றிக் கேட்க வருகிறவர்களுக்கு, என் கேற்றுக்கு வெளியே நல்ல காற்று வரும், அங்கேயே நிற்கலாம்.

ஹாலில் நடந்தது

நஸீர் நானா வாசலில் நின்று கேட்ட கேள்வியோடு கதையை நிறுத்தியிருந்தேன். பேப்பருக்கு அன்று மத்தியானத்துக்குள் அறிவித்தல் கொடுக்க வேண்டும்.

மச்சானிடம் போய், ரேடியோவில் ஏன் விட்டனீங்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அவருடைய தங்கச்சி செத்துக் கிடக்கிறா, அவருக்கும் கண் சிவந்துதான் இருந்தது. ஊர்ச் சனம் வாசிக்கும் என்றார். மனோன்மணிக்கு எப்ப பிள்ளை பிறந்தது என்று ரொறன்ரோவில் இருந்து போன் எடுத்துக் கேட்பார்கள் என்றார். இல்லாததை எழுதினால் செத்தவவுக்குத்தான் மரியாதைக் குறைவு என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேனாவைத் திறந்தார்.

"சரி மச்சான், சண்டை வேண்டாம். பேப்பரில வளர்ப்புத் தாயார் எண்டு போடுறன். தர்சினியின் வளர்ப்புத் தாயாரும். போதுமோ?"

"வளர்ப்பு எண்டு போட அவள் என்ன ஆடோ, கோழியோ?" என்றேன். "தாயார் எண்டு போடுங்கோ. இல்லையெண்டா பேனாவை வைச்சிட்டு எழும்புங்கோ."

கதிரைகள் தரையில் உரசின. யாரோ, செத்த வீட்டில இதென்ன என்றார்கள். இன்னும் பல சொன்னேன், அதை எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். சகோதரனின் மகளைப் பெறாமகள் என்று கூப்பிட்டு அறிவித்தலில் வரிசையாகப் போடுகிறார்கள், பெறாமல் மகள் என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு நன்றாக வாய் வரும், என் பிள்ளைக்கு மட்டும் ஏன் வராது என்று கேட்டேன்.

அப்போதுதான் தர்சினி வந்தாள். வெறும் தட்டை மேசையில் வைத்தாள்.

"அப்பா, வளர்ப்பு எண்ட அந்தச் சொல் இருக்கட்டும்."

எனக்கு விளங்கவில்லை. என் பக்கம் பேச வருகிறாள் என்று நினைத்திருந்தேன்.

"வவுனியாவில அம்மா பேப்பர் பார்ப்பா," என்றாள். "அவ பெத்தவ. இவ வளர்த்தவ. தாயார் எண்டு மட்டும் போட்டு ஒருத்தியை அழிக்க வேண்டாம். ரேடியோவில இண்டைக்கு என்னை அழிச்ச மாதிரி."

பிறகு மச்சான் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"மாமா, நீங்கள் அதைக் குறைச்சுப் போடுற சொல்லா நினைக்கிறியள். நான் செருப்போட படுத்த பிள்ளை. அம்மா ஒவ்வொரு நாளும் நான் நித்திரையான பிறகு வந்து கழட்டி, நான் முழிக்க முதல் திரும்பப் போட்டு விடுவா. எனக்குத் தெரியும் எண்டு அவவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. அதுக்கு என்ன சொல் இருக்கோ, அதைப் போடுங்கோ."

அது எனக்கும் தெரியாது, பாருங்கோ. ஒரே வீட்டில் இருந்தவன் நான். அந்தப் பெட்டிதான் செருப்பைக் கழற்ற வைத்தது என்று இத்தனை காலமும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

 மச்சான் தாளைத் திருப்பி வைத்தார். அவள் சொல்ல அவர் எழுதினார். தம்பிராசாவின் அன்பு மனைவியும், தர்சினியை வளர்த்தெடுத்த தாயும். அவருடைய முத்தான எழுத்து அந்த இடத்தில் கொஞ்சம் கோணலாகப் போனது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பஸ்ஸில் வந்தவ

பவளம் தகனத்துக்கு வந்து சேர்ந்தா. காலையில் பேப்பரைப் பார்த்துவிட்டு முதல் பஸ்ஸில் ஏறியிருக்கிறா. மலர்ச்சாலையில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் தலைமாட்டுக்குப் போய், மனோன்மணியின் நெற்றியில் கை வைத்தா. எங்கள் ஆட்கள் யார் இது என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தர்சினி இவ என்னைப் பெத்த அம்மா என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

வெளியே வந்தபோது பவளம் என்னிடம் சொன்னா.

"பேப்பரில பிள்ளை எனக்கும் இடம் விட்டு வைச்சிருக்கிறாள் அண்ணை. நீங்கள் வளர்த்த வளர்ப்பு."

நான் வாதத்தில் தோற்றேன் என்று எழுத மாட்டேன். அன்றைக்கு ஹாலில் நான் சத்தம் போட்டிருக்காவிட்டால் அந்த வரி வந்திருக்காது. கேற்றைக் கழற்றுகிறவன் ஒருவன் இருந்தால்தான் புதுக் கேற் வரும்.

சிவபாதம் மச்சானுக்கு

மச்சான் இந்தத் தொடரைக் கிழமைக்குக் கிழமை வாசித்துப் பிழை பிடிக்கிறவர். ஆகையால் இதை அவருக்கே சொல்லுகிறேன்.

மனோன்மணியின் முப்பத்தோராம் நாள் கிரியையில் நீங்களும் மற்றவர்களும் எழும்பி நின்று பேசினீர்கள். திக்கற்று நின்ற ஒரு பிள்ளைக்குத் தாயாக இருந்தவ என்றீர்கள். உண்மை. ஆனால் அந்தப் பேச்சு எதிலும் நான் இல்லை. அறிவித்தலிலும் நான் அன்புக் கணவன் மட்டும்தான். மனோன்மணி வயிற்று ஒப்பரேஷனுக்குப் படுத்திருந்த காலத்தில் அந்தப் பிள்ளைக்கு இரட்டைப் பின்னல் பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியது யார்? வெடித்த விரலில் மயிர் சிக்கி, அவள் கத்த, நான் கத்த, கோணல் பின்னலோடு போனாள், ஆனால் போனாள். பெற்றோர் கூட்டத்தில் அவர்கள் இங்கிலிஷில் கதைத்ததை விளங்கின மாதிரித் தலையாட்டிக்கொண்டு கடைசி வரைக்கும் இருந்தது யார்? ஹெந்தளைக்குப் பச்சைப் பூச்சு எடுப்பித்தது யார்?

நான் போனால் அறிவித்தல் நீங்கள்தான் எழுதுவீர்கள். நீங்கள் எனக்கு முந்திப் போனால் உங்கள் மகன் எழுதுவார், அவருக்கும் இதை வெட்டி வைத்துக் கொடுங்கள். நான்கு மாடியைப் போட வேண்டாம். பட்டறையைப் போட வேண்டாம். கோயில் கதவையும் விடுங்கள். வெள்ளவத்தைக் காற்றில் என் கேற்றும் ஒரு நாள் உக்கும், அது எனக்குத் தெரியும்.

தர்சினியை வளர்த்தவர் என்று போடுங்கள். முதல் வரியில் போடுங்கள். மனைவியின் பெயர் பிறகு வரட்டும், மனோன்மணி கோவிக்க மாட்டா. ரேடியோவுக்குக் கொடுக்கும்போது, அந்த இடத்தில் நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள். கீழ் வீட்டில் நஸீர் நானா கேட்டுக்கொண்டிருப்பார், விட்டால் படியேறி வந்து கேட்பார்.

பெட்டியின் மேல் அவள் விடச் சொன்ன இடம் வெறுமையாகவே இருக்கட்டும். அது அவளுடைய இடம். பேப்பரில் உள்ளது என்னுடைய இடம். அதை ஒருத்தரும் வெறுமையாக விடக் கூடாது.